வீட்டிலேயே செய்வோம் மாத அட்டைகள்

ஜனவரி முதல் டிசம்பர் வரை மூச்சுவிடாமல் சொல்லும் நம் பிள்ளைகள், ரஜபுக்கு அடுத்த மாதம் எது என்றால் தயங்குகிறார்கள். இதற்கு 24 அட்டைகள் போதும்.

சீட்டு என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது சூதை நினைத்துத்தான். சூது ஹராம், பந்தயம் எதுவும் வேண்டாம். ஐயமிருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாபர் 1527-இல் சிந்துவிலிருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சீஃபா அட்டைகள் அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். முகலாயக் கஞ்சீஃபாவில் வகைக்கு 12 வீதம் 8 வகை, மொத்தம் 96 அட்டைகள். அவற்றைக் கையால் தீட்டினார்கள். நாமும் கையாலேயே செய்யலாம்.

செய்முறை:

1. ஜெராக்ஸ் கடையில் 300 ஜி.எஸ்.எம். ஏ4 அட்டை 3 வாங்குங்கள். ஒன்றில் 6.3 × 8.8 செ.மீ. அளவில் 9 கட்டங்கள் வரும்.

2. 12 அட்டைகளில் முஹர்ரம் முதல் துல்ஹஜ் வரை மாதப் பெயர்கள். 12-இல் 1 முதல் 12 வரை எண்கள். மிஞ்சும் 3 உதிரி.

3. மை பின்புறம் தெரிந்தால் அட்டை அடையாளம் காட்டிவிடும், பென்சிலே நல்லது. முனைகளை நகவெட்டியால் மழுக்குங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் வெட்டலாம். பிஸ்மில்லாஹ்வோ குர்ஆன் வசனமோ அச்சிட்ட பக்கத்தில் கத்தரி வைக்காதீர்கள்.

ஆடும் முறை: எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்புங்கள். முறைக்கு இரண்டு திருப்ப வேண்டும். ரமளானும் 9-ம் சேர்ந்தால் அந்த ஜோடி உங்களுக்கு. சேராவிட்டால் மீண்டும் கவிழ்த்துவிடுங்கள். அதிக ஜோடி எடுத்தவருக்கே வெற்றி.

மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம், கைபேசியை ஓரம் வைத்துவிட்டு, அத்தாவும் அம்மாவும் கூட உட்காருங்கள். இன்ஷா அல்லாஹ், சில நாட்களில் மாதங்கள் மனப்பாடமாகும்.