கினோவாச் சாகுபடி

சீமைத் தானியமென்று கடைகளில் அதிக விலைக்கு விற்கப்படும் கினோவாவைத் திண்டுக்கல் சமவெளியில் பயிரிட எண்ணும் மிராசுதார்கள், முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். இது தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா தேசங்களின் ஆண்டிஸ் மலைப் பிரதேசத்துப் பயிர். புல்லினத்தைச் சேர்ந்ததன்று, நமது சக்கரவர்த்திக்கீரையின் நெருங்கிய இனம். இளந்தழையைக் கீரையாகச் சமைக்கலாம்.

பூக்கும் தருணத்தில் உஷ்ணம் 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படின் மணி பிடிப்பது குன்றும். ஆகவே அகரம், தாடிக்கொம்பு முதலிய இடங்களில் கோடை விதைப்பு வீண். ஐப்பசிப் பெருமழை ஓய்ந்து, கார்த்திகை முற்பகுதியில் விதைத்தால், தை மாதக் குளிரில் பூத்து, மாசிக் கடைசியில் அறுவடைக்கு வரும். முற்றிய கதிர் மழையில் நனையின் செடியிலேயே முளைத்துவிடுமாதலின், இக்கணக்குப் பிசகலாகாது.

நீர் தேங்காத நிலம் வேண்டும். ஓரளவு உவரையும் தாங்கும். விதை மிகச் சிறிது. நன்கு பொடியாக்கிய மண்ணில், மணலுடன் கலந்து, அரை அங்குலத்திற்கு மேற்படாத ஆழத்தில் வரிசையாக விதைத்து, முளைத்தபின் நெருக்கத்தைக் களைய வேண்டும். இளமையில் இதுவும் சக்கரவர்த்திக்கீரையும் ஒன்றுபோலிருப்பதால், களையெடுப்போர் வரிசையைப் பார்த்தே பிடுங்குதல் நலம்.

100 கிராம் கினோவாவில் புரதம் சுமார் 14 கிராம். தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 7 கிராமே. அரிசியில் குறைவான லைசின் என்னும் சத்தும் இதில் மிகுதி. ஆயினும் சுண்ணாம்புச் சத்தில் நமது கேழ்வரகுக்கு இது வெகு தூரம் பின்தங்கியது. மேல்தோலில் சப்போனின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. நுரை அடங்கும் வரை பலமுறை கழுவித் தேய்த்த பின்னரே, ஒரு பங்கிற்கு இரு பங்கு நீர் விட்டு வேகவைக்க வேண்டும். கஞ்சி, உப்புமா, பொங்கல் யாவற்றிற்கும் ஏற்றது.

இனி விலையைப் பற்றி. ஐக்கிய நாடுகள் சபை 2013-ஐக் கினோவா ஆண்டாக அறிவித்தது. அக்காலத்தில் ஏறிய விலை, பல தேசத்தாரும் பயிரிட்டபின் 2015-க்குள் வெகுவாக வீழ்ந்து, பொலிவிய விவசாயிகள் அவதியுற்றனர். நம் நாட்டில் அனந்தப்பூர் வறட்சிப் பிரதேசத்திலும் இப்பயிர் பரீக்ஷிக்கப்பட்டுள்ளது. நெல்லுக்குள்ளது போன்ற அரசாங்கக் கொள்முதல் இதற்கில்லை. எனவே வாங்குவோரை நிச்சயித்துக்கொண்டு, முதல் வருஷம் பத்து சென்டுக்கு மேற்படாமல் விதைப்பதே விவேகம். குதிரைவாலி, சாமை நிலத்தை இதற்காகக் குறைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. பயிரிடுவோர் அடங்கலில் பயிரின் பெயரைத் தெளிவாகப் பதியும்படி கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்க.