கூந்தலை நேராக்கும் கருவி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரில் பலர், தாம் வந்த நோயைப் பற்றிப் பேசி முடித்த பின், எழுந்து செல்லும் நேரத்தில் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு: “டாக்டர், முடிக்குக் கெடுதல் செய்யாத ஸ்ட்ரெய்ட்னர் எது?” திருமணம் நிச்சயமான பெண்கள் கேட்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் சுருள் சுருளாக முளைத்த புதிய முடியைப் பார்த்துத் திகைக்கும் தாய்மார்களும் கேட்கிறார்கள். ஆகவே இதனை அழகு பற்றிய சிறு கேள்வி என்று ஒதுக்கிவிட இயலாது.

கெடுதலே செய்யாத கருவி எதுவும் இல்லை. ஆனால் கெடுதலைப் பெரிதும் குறைக்கும் கருவியும் முறையும் உண்டு. அவற்றைத் தேர்ந்தெடுக்க, வெப்பம் முடியை என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முடியில் வெப்பம் செய்யும் வேலை

நம் கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்புறத்தில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள் உள்ளன. அவை உள்ளிருக்கும் புரத இழைகளைக் காக்கின்றன. அந்த இழைகளை இணைக்கும் பிணைப்புகளில் சில வலியவை, சில மெலியவை. ஹைட்ரஜன் பிணைப்புகள் மெலியவை. கருவியின் சூடு இவற்றை அவிழ்க்கிறது. முடி குளிரும்போது அவை புதிய வடிவத்தில் மீண்டும் இணைகின்றன. முடி நேராவது இவ்வாறே. வியர்வையோ, மழைத் துளியோ, கடற்கரைக் காற்றின் ஈரமோ பட்டதும் அப்பிணைப்புகள் மறுபடி அவிழ்ந்து, முடி பழைய சுருளுக்குத் திரும்பிவிடுகிறது.

சூடு அளவை மீறும்போது கெராட்டினின் கட்டமைப்பே சிதைகிறது. உலர்ந்த முடியில் இது 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பின் நிகழும். ஈரமான முடியில் ஏறத்தாழ 150 டிகிரியிலேயே தொடங்கிவிடும். மேலும், ஈர முடியின் உள்ளிருக்கும் நீர் திடீரென ஆவியாகி, முடித்தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்குகிறது. குமிழி உள்ள இடத்தில் முடி ஒடிந்துவிடும். ஈரக் கூந்தலில் கருவியை வைத்ததும் எழும் ‘சுர்’ என்ற ஓசை, இந்தச் சேதத்தின் ஓசையே.

தோலில் ஏற்பட்ட புண் ஆறும். முடியில் ஏற்பட்ட சேதம் ஆறாது. முடி மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பளவுக் கூந்தலின் நுனி ஐந்தாறு ஆண்டுகள் வயதுடையது. அத்தனை ஆண்டுகளின் வெயிலும் சீப்பும் சூடும் அதில் பதிந்திருக்கின்றன. அதனால்தான் நுனியே முதலில் பிளவுபடுகிறது.

கருவியில் பார்க்க வேண்டியவை

முதலாவது, வெப்பநிலையை எண்களில் காட்டி மாற்றியமைக்கும் வசதி. ஒரே சூட்டில் இயங்கும் மலிவான கருவிகளைத் தவிர்க்கவும். மெல்லிய முடிக்கும் சாயமிட்ட முடிக்கும் 150 டிகிரிக்குள், நடுத்தர முடிக்கு 150 முதல் 170 வரை, அடர்ந்த சுருள் முடிக்கு 180 வரை போதும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவிகள் பல ஃபாரன்ஹீட்டில் காட்டும். அதில் 450 என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 232 டிகிரி. அமெரிக்காவில் விற்கப்படும் கருவி 120 வோல்ட் மின்சாரத்திற்கு மட்டும் உரியதாயின், நம் வீட்டு மின்சாரத்தில் அதனைச் செருகுதல் ஆபத்தாகும்.

இரண்டாவது, தகடுகள். செராமிக் தகடுகள் சூட்டைச் சீராகப் பரப்புகின்றன. டைட்டானியம் விரைவில் மிகுந்த சூட்டை அடைவதால், பழக்கமில்லாதவர்களுக்கும் மெல்லிய முடிக்கும் ஏற்றதன்று. பூச்சு உதிர்ந்த தகடு முடியைப் பற்றி இழுக்கும். ஓரிடத்தில் மட்டும் சூடேறும். அத்தகைய கருவியை மாற்றிவிடுதல் நன்று. கடையிலேயே கருவியை மூடி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரு தகடுகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால், ஒரே கற்றையை நான்கைந்து முறை இழுக்க நேரிடும். விளிம்புகள் வளைவாக இருத்தலும் நலம்.

மூன்றாவது, தானே அணைந்துவிடும் வசதி. அணைத்த பின்பும் தகடுகள் பல நிமிடங்கள் சூடாகவே இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொங்கும் மின்கம்பி ஒன்றே போதும். சூடு பட்டுவிட்டால், அந்த இடத்தை 20 நிமிடங்கள் குழாய் நீரின் கீழ் வைத்துவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். பற்பசை, மை, வெண்ணெய் ஆகியவற்றைத் தடவ வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

கூந்தல் முழுவதும் உலர்ந்த பின்னரே கருவியை எடுக்கவும். எண்ணெய் தடவிய தலையில் பயன்படுத்த வேண்டாம். தேங்காய் எண்ணெய்க்கு உரிய நேரம் குளிப்பதற்கு முன்பே. தலை அலசும்போது முடி இழக்கும் புரதத்தை அது குறைப்பதாக 2003-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. சூட்டிலிருந்து காக்கும் திரவங்களைப் பூசலாம். அவை சேதத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்கா. கூந்தலைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை மட்டும் நிறுத்தாமல் இழுக்கவும். வாரத்திற்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் முளைக்கும் முடி மென்மையானது. முதல் ஆறு மாதங்களாவது அதற்குச் சூடும் வேதிப்பொருளும் வேண்டாம். அந்தச் சுருள் பெரும்பாலோருக்கு நாளடைவில் தானே மாறிவிடும்.

அழகு நிலையத்தில் ஒரு கேள்வி

‘கெராட்டின் சிகிச்சை’ எனப்படும் முறைகள் சிலவற்றில், பூசப்படும் திரவம் சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்று விற்கப்படுபவற்றில் உள்ள கிளையாக்சிலிக் அமிலத்தால் சிலருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. எனவே திரவத்தின் பெயரையும் அதில் அடங்கிய பொருள்களையும் கேட்டறியுங்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் இவற்றை முற்றிலும் தவிர்ப்பதே நன்று.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

கருவியின் சூடு முடியை ஒடிக்கும், வேரோடு உதிர்க்காது. உதிர்ந்த முடியை எடுத்து வெள்ளைத் தாள் ஒன்றிலோ, கருநிறத் துணியிலோ வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெண்ணிறச் சிறு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குமிழின்றிக் குட்டையாக இருந்தால் ஒடிந்தது. ஒடிந்த முடி மிகுதியாயின், கருவியை நிறுத்துங்கள். வேரிலிருந்து உதிர்வது மிகுதியாயின், கருவியைக் குறை கூறிக் காலம் தாழ்த்த வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்த கடுங்காய்ச்சல், பிரசவம் எனக் காரணம் வேறாக இருக்கலாம். எளிய இரத்தப் பரிசோதனைகள் இவற்றுள் பலவற்றைக் காட்டிவிடும், சிகிச்சையும் உண்டு.