கெர்னல் கட்டப் பழகுவோம்

‘கெர்னல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டையின் உள்ளே இருக்கும் பருப்பு என்று பொருள். தென்னை மிகுந்த இத்தீவுகளில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மட்டையையும் ஓட்டையும் நீக்கிய பின் உள்ளே எஞ்சுவது எதுவோ, அதற்காகத்தானே தேங்காயை உடைக்கிறோம்! கணினிக்கும் அத்தகைய பருப்பு ஒன்று உண்டு. திரையில் நாம் காணும் படங்களும் எழுத்துகளும் சாளரங்களும் மட்டையும் ஓடும் போன்றவை. அவற்றின் உள்ளே இருந்துகொண்டு, நினைவகத்தைப் பங்கிட்டு, வட்டைப் படித்து, விசைப்பலகையின் தட்டலை வாங்கி, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முறைவைத்து ஆள்வது கெர்னல். லினக்ஸ் என்பது உண்மையில் இந்தப் பருப்பின் பெயரே. முழுத் தேங்காயையும் அப்பெயரால் அழைப்பது நம் வழக்கமாகிவிட்டது.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், 1991-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் வயதில் இதன் முதற்படியை வெளியிட்டார். அப்போது அதன் நீளம் ஏறத்தாழ 10,000 வரிகள். இன்றோ மூன்று கோடி வரிகளுக்கும் மேல்! ஏன் இத்துணைப் பெருக்கம்? அதில் பாதிக்கு மேற்பட்டவை இயக்கிகள். அதாவது, உலகில் உள்ள எண்ணற்ற கருவிகளோடு பேசுவதற்கான நிரல்கள். உங்கள் கணினியில் இருப்பவை அவற்றுள் சிலவே. ஆகவே, மூலநிரலை எடுத்து, நமக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் தெரிந்து, நம் கணினிக்கென்றே ஒரு கெர்னலைத் தொகுத்துக்கொள்ளலாம். இதையே கெர்னல் கட்டுதல் என்கிறோம்.

வேண்டியவை எவை என்று கெர்னல் நம்மிடம் ஆயிரக்கணக்கான வினாக்களைக் கேட்கிறது. ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்னும் கட்டளையை இட்டால் அவ்வினாக்கள் பட்டியலாகத் திரையில் விரியும். பெரும்பாலானவற்றுக்கு விடை மூன்றில் ஒன்று: ஆம், இல்லை, மாட்யூல். கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஆம்’ என்றால் அப்பொருள் கப்பலின் உடலோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. ‘மாட்யூல்’ என்றால் சரக்கறையில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துவரலாம். ‘இல்லை’ என்றால் அது சென்னைத் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. நடுக்கடலில் அதை நினைத்து வருந்திப் பயனில்லை.

அவ்வினாக்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டாகக் காண்போம். அது நம் தீவுகளின் கதையோடு தொடர்புடையது. சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி 2020 ஆகஸ்ட் 10-இல் திறந்துவைக்கப்பட்டது. அதுவரை நம் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. அத்தகைய கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. செய்தி அங்கே ஏறி இறங்குவதற்கு, ஒளியின் வேகத்தில் சென்றாலும், கால் வினாடிக்குச் சற்றே குறைவான நேரம் ஆகும். மறுமொழி வருவதற்கும் அவ்வளவு. ஆக, கேட்டு விடை பெற ஏறத்தாழ 480 மில்லி வினாடி. கம்பியில் ஒளி வினாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. போய்வர 23 மில்லி வினாடி போதும். (இது வெறும் பயண நேரம். வழியிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி.)

இதனால் என்ன? டி.சி.பி. என்னும் இணைய முறை, முதலில் சிறிதளவே அனுப்பும். ‘கிடைத்தது’ என்ற சொல் வந்த பிறகே அளவை ஏற்றும். சொல் வரத் தாமதமானால் ஏற்றமும் தாமதமாகும். அகலமான சாலை இருந்தும் வண்டி மெல்ல நகர்வது போன்ற நிலை இது. இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்லோ கைனி, ரொசாரியோ ஃபிரிஞ்செலி ஆகிய இருவரும் இதற்கு 2004-இல் ‘ஹைப்லா’ என்னும் தீர்வைக் கூறினர். நெடுந்தொலைவு இணைப்பும், போய்வர 25 மில்லி வினாடி ஆகும் இணைப்பைப் போலவே விரைந்து ஏறும்படி கணக்கிடுவது அம்முறை. 2005-இல் வெளிவந்த 2.6.13 கெர்னலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. கணக்கிலே பாவித்துக்கொண்ட 25-க்கும், பின்னாளில் நம் கடலடிக் கம்பி தந்த 23-க்கும் உள்ள நெருக்கத்தைப் பாருங்கள்!

ஆனால் இங்கே ஒரு பிழை நேர்வதுண்டு. ஹைப்லாவை நம் கணினியில் இட்டால் நாம் இறக்கும் கோப்புகள் விரைந்து வரும் என்று எண்ணுவோர் பலர். வாரா. வேகத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அனுப்புகிறவர் கையில் உள்ளது. இங்கிருந்து நாம் அனுப்புபவற்றுக்கே அது உதவும். மேலும், டெபியன் போன்ற வெளியீடுகள் அதை மாட்யூலாகச் சேர்த்தே தருகின்றன. ‘மாட்புரோப்’ என்ற ஒரு கட்டளையால் அழைத்துக்கொள்ளலாம். இதற்காகக் கெர்னல் கட்ட வேண்டுவதே இல்லை. கட்டத் தொடங்கு முன், கட்டத்தான் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இவ்வளவு அறிவுரை கூறும் நான் மட்டும் ஏன் கட்டினேன்? ஆசையால்தான். என்னுடையது பள்ளிப் பருவத்தில் தமிழ்நாட்டரசு இலவசமாகத் தந்த மடிக்கணினி. நினைவகம் 4 ஜிபி. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘போஸ்’ லினக்ஸ், விண்டோஸோடு சேர்ந்து அதில் வந்தது. பின்னர் டெபியனையே ஏற்றிக்கொண்டேன். கெர்னலைச் சிறிதாக்கினால் கணினி வேகமாகும் என்று யாரோ கூறக் கேட்டிருந்தேன். உண்மையில் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. அழைக்கப்படாத மாட்யூல் வட்டில் இடம்பிடிக்குமே அன்றி நினைவகத்தைத் தொடுவதில்லை. இதை முன்பே அறிந்திருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும், இக்கட்டுரையும் பிறந்திராது.

ஆயிரக்கணக்கான வினாக்களுக்குத் தனித்தனியே விடை எழுத யாருக்குப் பொறுமை உண்டு? அதற்கொரு குறுக்குவழி உள்ளது. 2009 டிசம்பரில் வந்த 2.6.32 கெர்னலிலிருந்து ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்னும் கட்டளை கிடைக்கிறது. அக்கணத்தில் கணினியில் எந்தெந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்று பார்த்து, ஏறாதவற்றையெல்லாம் ‘இல்லை’ என்று குறித்துவிடும். முழுவதையும் தொகுக்க ஓரிரவு முழுதும் எடுத்துக்கொண்ட என் கணினி, இதன் பிறகு ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. எனக்கு உண்டான பெருமிதத்துக்கு அளவில்லை.

ஆனால், ‘அக்கணத்தில்’ என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை.

நண்பர்கள் பலர் அறிவீர்கள். என் ஆய்வு சிப்பிகாட்டின் நீர்நிலைகளைப் பற்றியது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வயல்களாக இருந்த இடத்தில் கடல்நீர் புகுந்து நிலைத்தது. ஓதம் ஏறி இறங்கும்போது அந்நீரின் உப்பளவு எங்ஙனம் மாறுகிறது என்று அளப்பது என் வேலை. அமாவாசையை ஒட்டி ஓதம் மிகும் நாளுக்காகக் காத்திருந்து, விடியுமுன் அளவியோடும் மடிக்கணினியோடும் சிறு படகில் சென்றேன். அளவியைக் கணினியோடு சேர்க்கும் கம்பியில் சி.எச். 340 என்னும் சில்லு உண்டு. செருகினேன். ஒன்றும் நிகழவில்லை. எடுத்து மீண்டும் செருகினேன். அப்போதும் இல்லை.

“என்ன தம்பி, இன்னும் ஆரம்பிக்கலையா? தண்ணி ஏறிக்கிட்டே இருக்குது” என்றார் படகோட்டும் அண்ணன்.

“ஒரு நிமிஷம் அண்ணே” என்றேன். அந்த ஒரு நிமிடம் நண்பகல் வரை முடியவில்லை.

‘டிமெசேஜ்’ என்னும் கட்டளை கெர்னலின் நாட்குறிப்பைக் காட்டும். அதில் புதிய யு.எஸ்.பி. கருவி வந்தது என்றும், அதன் அடையாள எண் 1ஏ86 : 7523 என்றும் தெளிவாக எழுதியிருந்தது. அதற்கு அடுத்து வரவேண்டிய ‘டி.டி.ஒய்.யு.எஸ்.பி. 0’ என்னும் வரி மட்டும் இல்லை. இதன் பொருள் என்ன? வாயிலுக்கு விருந்தினர் வந்ததைக் கெர்னல் கண்டது. அவர் மொழி அறிந்தவர் வீட்டில் இல்லை. கெர்னல் கட்டிய நாளில் அக்கம்பி என் பெட்டிக்குள் உறங்கியது. ஏறாத மாட்யூல் வேண்டாத மாட்யூல் என்று அதன் இயக்கி நீக்கப்பட்டுவிட்டது.

பழைய கெர்னல் இருந்திருந்தால் கணினியை மறுபடி தொடங்கி, ‘கிரப்’ பட்டியலில் அதைத் தெரிந்தெடுத்து, இரண்டு நிமிடத்தில் வேலையைத் தொடங்கியிருப்பேன். அதை நான் முந்தின நாள்தான் அழித்திருந்தேன். ஏன் அழித்தேன்? ‘பூட்’ பகுதி நிரம்பிவிட்டது. ஏன் நிரம்பியது? பிழைதேடும் குறிப்புகளை நீக்காமல் கட்டியதால் மாட்யூல்கள் பல மடங்கு பருத்திருந்தன. அக்குறிப்புகளை அமைப்பின்போதே அணைத்திருக்கலாம். அல்லது ‘இன்ஸ்டால் மாட் ஸ்டிரிப்’ என்பதற்கு 1 என்ற மதிப்பைத் தந்து, நிறுவும்போது களைந்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் பழைய நண்பனை வீட்டைவிட்டு விரட்டினேன். பிறரிடமிருந்து அந்த மாட்யூலை வாங்கி இடலாமே என்பீர்கள். வேறொரு கெர்னலுக்காகக் கட்டியதை நம் கெர்னல் ஏற்காது. பதிப்புக் குறி பொருந்தவில்லை என்று திருப்பிவிடும்.

அன்றைய ஓதம் ஏறியது, இறங்கியது. என் ஏட்டில் ஓர் எண்ணும் இல்லை. அத்தகைய மற்றோர் ஓதத்துக்குப் பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டும்.

இரவு விடுதிக்கு வந்து மெனுகான்ஃபிக்கைத் திறந்தால் சி.எச். 341 என்ற வரியே (340-க்கும் அதே இயக்கிதான்) கண்ணில் படவில்லை. தாய் வினா ‘இல்லை’ என்றிருந்தால் சேய் வினா மறைந்துவிடும், யு.எஸ்.பி. சீரியல் என்பதை முதலில் இயக்க வேண்டும். சாய்கோட்டு விசையைத் தட்டிப் பெயரைத் தேடினால், அது எதைச் சார்ந்தது என்று கெர்னலே சொல்லும். இரண்டையும் மாட்யூல் என்று குறித்து மீண்டும் தொகுத்தேன். மாறிய பகுதி மட்டுமே தொகுக்கப்பட்டதால் சில நிமிடங்களில் முடிந்தது.

லோக்கல்மாட்கான்ஃபிக்கைப் பயன்படுத்துவோர், உங்களிடமுள்ள அனைத்தையும் — அச்சுப்பொறி, பென்டிரைவ், புளூடூத், ஆய்வகக் கருவிகள் — ஒருமுறை செருகி இயக்கிவிட்டுப் பிறகு அக்கட்டளையை இடுங்கள். ‘எல்.எம்.சி. கீப்’ என்னும் மாறியில் யு.எஸ்.பி. இயக்கிகளின் அடைவைக் குறிப்பிட்டால், அப்பகுதியை அது தொடாது. புதிய கெர்னலுக்கு ‘லோக்கல்வெர்ஷன்’ மூலம் தனிப்பெயர் சூட்டுங்கள். பழையதன் மாட்யூல்களை அது மேலெழுதாமல் இருக்கும்.

மற்றொரு பெரிய தொல்லை, கணினி தொடங்கும்போதே ‘கெர்னல் பேனிக்’ என்று நின்றுவிடுவது. வேர்க் கோப்பமைப்பை ஏற்ற இயலவில்லை என்று கூறி, இறுதியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களைக் காட்டும். அஞ்சாமல் அவ்வெண்களைப் படியுங்கள். (0,0) என்றால் கெர்னல் வட்டையே காணவில்லை. வட்டின் இயக்கி விடுபட்டிருக்கும், அல்லது தொடக்கத்தில் மாட்யூல்களைத் தரும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ கோப்பு உருவாகவில்லை. (8,1) போன்ற எண் வந்தால் வட்டைக் கண்டுவிட்டது. அதிலுள்ள கோப்பமைப்பைப் படிக்கத்தான் தெரியவில்லை. எக்ஸ்ட் 4 ‘இல்லை’ ஆகிவிட்டதா என்று பாருங்கள். சிப்பிகாட்டில் நான் கண்டதும் இதே வகை: கெர்னல் எதுவரை வந்து நின்றது என்று தெரிந்தால், விடுபட்டது அதற்கு அடுத்த படியிலே இருக்கும்.

டெபியனின் அமைப்புக் கோப்பைப் படியெடுத்துக் கட்டுவோர்க்குச் சான்றிதழ்க் கோப்பு இல்லை என்று தொகுப்பு நின்றுபோகும். நம்பகச் சாவிகள் என்னும் வரியில் உள்ள பெயரை அழித்து வெறுமையாக விடுங்கள். ‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினி, கையொப்பமில்லாத நம் கெர்னலை வாயிலிலேயே மறுக்கும். நினைவகம் குறைந்த கணினியில் ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் தொகுக்கச் சொன்னால் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு வேலை சாகும். அது நிரலின் குற்றமன்று, நம் பேராசை.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொகுப்பின் நடுவே மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. ‘மேக்’ விட்ட இடத்திலிருந்து தொடரும். எனினும் பேட்டரி செத்த கணினி திடீரென அணைந்தால், பாதி எழுதிய கோப்பொன்று வெற்றுக் கோப்பாய்க் கிடக்கலாம். தேதி புதிதாக இருப்பதால் ‘மேக்’ அதை முடிந்ததாகக் கருதும். இறுதி இணைப்பில் அடையாளம் தெரியாத கோப்பு என்று பிழை வரும். அக்கோப்பை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் கட்டளையிடுக.

பௌர்ணமி ஓதத்தன்று அளவி பேசியது. பதிவான எண்களை இப்போது வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன். 6.12 வரிசைக் கெர்னலின் மூலநிரற் பொதி 150 மெகாபைட்டுக்கு உட்பட்டது. விரித்தால் ஒன்றரை ஜிபி ஆகும். அதையும், ஜி.சி.சி., பைசன், ஃப்ளெக்ஸ் முதலிய துணைக்கருவிகளையும் ஒரு பென்டிரைவில் இட்டு நம் சங்க அறையில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம். பென்டிரைவை மட்டும் அன்புகூர்ந்து திருப்பி வைத்துவிடுங்கள். முந்தைய இரண்டு திரும்பி வரவேயில்லை.