இலையின் ஈரம் காணும் காமிரா

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2003 அக்டோபர் 17 அன்று ரிசோர்ஸ்சாட்-1 என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதிலிருந்த லிஸ்-3 காமிராவைப் பற்றி மீஞ்சூர் வட்டாரப் பயிர்த்தொழிலாளராகிய நாம் அறிதல் நன்று.

கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களுள், 1.55 முதல் 1.70 மைக்ரான் வரை அலைநீளமுடையவற்றையும் அது பதிவு செய்தது. இக்கதிர்களை நீர் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே படத்தில் ஏரி கரியதாகவும், ஈரமுள்ள இலை மங்கலாகவும், வாடிய இலை வெளிறியும் தோன்றும். சாதாரணக் காமிராவிலுள்ள சிலிக்கன் இக்கதிர்களை உணராது. இண்டியம் காலியம் ஆர்சனைடு என்னும் சேர்மம் உணரும்.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. படத்தின் ஒரு புள்ளி, பக்கத்திற்கு 23.5 மீட்டர் கொண்ட சதுரம். அதாவது ஏறத்தாழ 13½ சென்ட் நிலம். அதனினும் சிறிய வயலின் வாட்டம் அண்டை வயலோடு கலந்துவிடும். அடர்ந்த மேகத்தை இக்கதிர்கள் ஊடுருவா; ஐப்பசி, கார்த்திகையில் பயிர் மூழ்கும் நாளில் படம் கிடைப்பது அரிது. பயிர் வாடியது தெரியுமேயன்றி, வறட்சியால் வாடியதா, கடல்நீர் புகுந்து உவர்த்த கிணற்றால் வாடியதா என்பது படத்தில் தெரியாது.

ஆகவே விதைத்த நாள், நீர் பாய்ச்சிய நாள், கிணற்று நீரின் தன்மை, சேதம் நேர்ந்த நாள் ஆகியவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் சர்வே எண்ணுடன் எழுதி வைப்போமாக. நஷ்டஈடு கோரும்போது படத்தோடு நம் குறிப்பேடும் சாட்சியாக நிற்கும்.