சிரம்பானுக்கு விண்ணப்பிக்கும் முன்

பிரிக்பீல்ட்ஸ்

அன்பு மருமகளுக்கு,

உன் செய்தியை வாசித்துவிட்டு உடனே பதில் போடாமல் இருந்தேன். கைப்பேசியில் இரண்டு வரி தட்டி அனுப்பிவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். வேலையை விட்டுவிட்டு சிரம்பானில் இருக்கும் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா என்பது ஒன்று. எதற்குமே நேரம் போதவில்லை, எதை விடுவது என்றே புரியவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதை நீ போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ அதற்கு விடை தேடிய பிறகுதான் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்கவே முடியும் என்று படுகிறது.

உன் வாரத்தைப் பார். விடியும் முன்னே கிள்ளானில் கொமூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறாய். போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே போகிறது. செவ்வாய் பாடகர் குழுப் பயிற்சி, வியாழன் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி வாலிபர் ஐக்கியம். ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, பிறகு ஆராதனையில் கீபோர்டு, மாலையில் ஏதாவது ஒரு குழுக்கூட்டம். எல்லாம் நல்ல காரியங்கள்தான். கெட்டதாக இருந்திருந்தால் நீயே எப்போதோ விட்டிருப்பாய். சபையில் யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கியிருக்கிறாய். அந்தப் பெயரைக் காப்பாற்ற ஓடுவதற்கும் அழைப்புக்குக் கீழ்ப்படிவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, அம்மா.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசி. கப்பர்நகூமில் ஒரு மாலை முழுக்க நோயாளிகளைக் குணமாக்கிய இயேசு, இருட்டோடு எழுந்து தனியாக ஜெபிக்கப் போய்விடுகிறார். பேதுருவும் மற்றவர்களும் தேடி வந்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகலாம், அதற்காகத்தானே வந்தேன் என்கிறார். வாசலில் காத்திருந்தவர்களின் தேவை பொய்யானதல்ல. அவர்களை விட்டுவிட்டுத்தான் போனார். நான் தாதியாக வேலை பார்த்த காலத்தில், வார்டு நிறைய ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இந்தப் பகுதிதான் எனக்குத் துணையாக இருந்தது.

உன் செய்தியில் ஓர் இடம் மற்ற இடங்களைப் போல இல்லை. ஜாலான் தெங்கு கிளானா பக்கம் உணவகங்களில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பையன்களைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடம். ஒருவனுக்குப் பல்வலி என்று கிளினிக்குக் கூட்டிப் போனது, இன்னொருவனுக்கு பெர்மிட் கடிதத்தில் மலாயில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னது, கடை அடைத்த பிறகு இரவு பதினொரு மணிக்கு நீயும் உன் தம்பியும் அவர்களோடு உட்கார்ந்து ஜெபித்தது. பாடகர் குழுவைப் பற்றி ஒரு வரி, அவர்களைப் பற்றி ஒரு பக்கம். ஒவ்வொருவனின் ஊர்ப்பெயரும் உனக்குத் தெரிந்திருக்கிறது. சோர்வாக இருக்கிறது என்று வேறு எல்லாவற்றுக்கும் எழுதிய நீ, அதற்கு மட்டும் எழுதவில்லை.

அதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவரைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும்? ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பரீட்சைக்குப் படித்திருப்பாய். நான் சொல்ல வருவது அவர் பேராயர் ஆவதற்கு முந்திய கதை. 1874-இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்கு மகனாகப் பிறந்தார். 1895 முதல் ஒய்எம்சிஏ செயலாளராக ஊர் ஊராகப் போய் வாலிபர்களிடையே வேலை செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் கடந்து ஊழியர்களை அனுப்பி ஆதரிப்பதைப் பார்த்தார். அவர்களைவிட எண்ணிக்கையில் பெரிய திருநெல்வேலிச் சபை அப்படி எதையும் செய்யவில்லையே என்பது அவரைக் குத்தியது. அடுத்த ஆண்டே, 1903-இல், நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் பணம் இல்லாமல், தமிழ்ச் சபைகளின் காணிக்கையால் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் சங்கம் அது. (அதே யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள்தான் அக்காலத்தில் நம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் வந்து சேர்ந்தார்கள். இந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.)

மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் தானே போகவேண்டும் என்று உணர்ந்தார். 1909-இல், 35 வயதை நெருங்கும்போது குருப்பட்டம் பெற்று, நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனார். இந்தியா முழுக்கப் பெயர் தெரிந்த வேலையை விட்டுவிட்டு, தெலுங்கு பேசும் ஏழை ஜனங்களிடம். மனைவி அன்பு மாரியம்மாள் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறைத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். அவரும் அந்தக் கிராமத்துப் பெண்களிடையே வேலை செய்தார். 1912-இல் பேராயர் பட்டம் வந்தபோதும் அதே தோர்ணக்கல்தான்.

இதில் நீ கவனிக்க வேண்டியது வரிசையை. பட்டமும் பதவியும் கடைசியில் வந்தவை. முதலில் அவர் மனத்தை விட்டுப் போகாத ஒரு ஜனக்கூட்டம் இருந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் வேறு வேலையில் இருந்தபடியே உழைத்தார். நீயோ கல்லூரியிலிருந்து தொடங்குகிறாய். மூன்று நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு, பிறகு யாரிடம் போவது என்று பார்க்கலாம் என்கிறாய். அங்கே நல்ல படிப்பு உண்டு, தமிழிலும் உண்டு, எனக்கு அதில் மதிப்பு அதிகம். அந்தப் பையன்களின் முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவள் அங்கே படிக்கும் ஒவ்வொரு பாடத்தையும் வேறு விதமாகப் படிப்பாள்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். புதிய மேலாளர் வந்ததிலிருந்து அலுவலகம் நரகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நாளைக்கே அந்த ஆள் மாற்றலாகிப் போய், உனக்குச் சம்பள உயர்வும் கிடைத்தால், அப்போதும் சிரம்பானுக்குப் போவாயா? கர்த்தர் முன்னால் உட்கார்ந்து இதற்கு உண்மையாகப் பதில் சொல். போவேன் என்று வந்தால் எனக்குச் சந்தோஷம். தெரியவில்லை என்று வந்தால் முதலில் வேறு அலுவலகத்தில் வேலை தேடு. கஷ்டத்திலிருந்து தப்பிக்கும் இடம் போதகர் வேலை இல்லை. நம் மெதடிஸ்ட் சபையில் ஆண்டு மாநாட்டில் நியமனம் வாசிக்கப்படும், சொன்ன ஊருக்குப் போகவேண்டும். அது கிள்ளானாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பெண் என்பதால் உனக்குக் கதவு அடைபடவில்லை, நம் சபை பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறது. கல்யாணம் எப்போது என்று ஆராதனை முடிந்து கேட்கும் பெரியவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுப் பொறுப்பை நினைத்துக் குற்ற உணர்வோடு எழுதியிருந்தாய். பிடிபிடிஎன் கல்விக் கடன் பாக்கி, தம்பி படிப்பு, அப்பாவின் மருந்துச் செலவு. இவற்றை அழைப்புக்கு எதிரிகளாக நினைக்காதே. தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று அதே மாற்குவின் ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. தம்பி படிப்பை முடிக்கும்வரை காத்திருந்தால் காலம் போய்விடும் என்று பயப்படுகிறாய். உனக்கு 26 வயது. அசரியாவின் வயதைச் சொன்னேன். மலேசியாவின் முதல் கர்தினால் சோத்தர் பெர்னாண்டஸ் 1932-இல் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர், குருவானது 1966-இல். தேவன் அவசரப்படாத இடத்தில் நீ ஏன் அவசரப்படுகிறாய்?

ஆகவே ஈஸ்டர் வரைக்கும் இப்படிச் செய்து பார். கீபோர்டையும் குழுக்கூட்டங்களையும் விட்டுவிடு. வாசிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் உங்கள் சபையில் இருக்கிறார்கள், நீ நகர்ந்தால்தான் அவர்களுக்கு இடம். ஓய்வுநாள் பள்ளியை வைத்துக்கொள், பிள்ளைகளைப் பாதி வருடத்தில் விடக்கூடாது. அந்தப் பையன்களுக்குச் செலவிடும் இரவுகளை வைத்துக்கொள். வாரத்தில் ஒரு மாலை வீட்டில் சும்மா இரு, அம்மாவோடு சாப்பிடு. காலையில் ரயிலில் தமிழ் வேதாகமத்தை வாசி. நீ நன்றாகப் பேசுகிறாய், ஆனால் வாசிப்பில் தடுமாறுகிறாய். அவர்களுக்குத் தமிழில்தான் வேதம் வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படிக்கும் வகுப்புகள் ஏதாவது உண்டா என்று போதகரிடம் கேள். அவர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும் கேள். சபை உன்னில் எதையும் பார்க்காமல் நீ மட்டும் பார்க்கும் அழைப்பை நான் சந்தேகிப்பேன்.

உன் அப்பாவிடம் இதை நீதான் சொல்லவேண்டும். என் தம்பி முதலில் சத்தம் போடுவான், பிறகு இரண்டு நாள் பேசமாட்டான், மூன்றாம் நாள் கேள்வி கேட்பான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்துக்கொள், கடன் கணக்கு உட்பட. நீ சொன்ன பிறகுதான் நான் அவனோடு பேசுவேன்.

ஜெபத்தோடு,
அத்தை