நகுரு ஏரியும் ஒட்டகச் சிவிங்கியும்

மாசினால் வனவிலங்குகளின் உறைவிடம் எங்ஙனம் கெடுகின்றதென்பதை அறிய விழைவோர்க்குக் கெனியா தேசத்து நகுரு ஏரி தக்கதோர் உதாரணமாகும். இவ்வேரியும் இதனைச் சூழ்ந்த நிலமும் 1968-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயின.

நாம் முதற்கண் உணர வேண்டுவது, இவ்வேரியின் நீர் வெளியேற வழியில்லை என்பதே. ஞோரோ முதலிய ஆறுகள் கொணர்வன யாவும் இதனுட் புகும்; நீர் வெயிலால் ஆவியாய்ப் போகும்; அழுக்கோ அங்கேயே தங்கும். வடபால் உள்ள நகுரு நகரத்தின் கழிவுநீரும், கழனிகளில் இட்ட உரமும் பூச்சிமருந்தும், மாவ் மலைக்காடு அழிக்கப்பட்டதனால் கரைந்து வரும் மண்ணும் இங்ஙனம் சேர்வனவாம்.

இதன் பயனை முதலில் அநுபவித்தவை பூநாரைகள். உவர்நீரில் வளரும் நுண்ணிய பாசியே சிறு பூநாரைக்கு உணவு. 1990-களில் அவை திரள்திரளாக மாண்டபோது, உலோக நஞ்சும் பாசியில் விளையும் நஞ்சும் காரணமாகலாமென்று ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். பின்னர் நீர் பெருகி உவர்ப்புக் குறையவே பாசியும் அருகிற்று. பறவைகள் பொகோரியா முதலிய வேறு ஏரிகளை நாடிச் சென்றன.

ஒட்டகச் சிவிங்கிக்கு இதனால் என்ன கேடு? அது நீரை அரிதாகவே பருகும். வேண்டிய ஈரத்தின் பெரும்பாகத்தை வேலமரத் தழையினின்றே பெறும் என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆனால் அத்தழைக்கே இடையூறு நேர்ந்தது. 2010-ஆம் ஆண்டையொட்டிச் சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த ஏரி, 2020-க்குள் 60-ஐக் கடந்தது. மிகுமழை இதற்குத் தலையாய காரணம். காடழிந்த மலைச்சரிவு அம்மழையைத் தேக்கிவைக்க இயலாமற்போனது மற்றொன்று. கரையோர வேலமரங்கள் நீரில் நின்று பட்டுப்போயின.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பூநாரைக்குச் சிறகுண்டு, ஒட்டகச் சிவிங்கிக்கு இல்லை. மேற்குக் கெனியாவில் அதன் நிலங்கள் பயிர்நிலமானபோது, காக்கும்பொருட்டே 1970-களில் இங்குக் கொணரப்பட்டது. காண்டாமிருகத்தை வேட்டைக்காரரிடமிருந்து காக்கப் பூங்காவைச் சூழ மின்வேலியும் இடப்பட்டது. வேலி வேட்டைக்காரனைத் தடுக்கும். ஆற்று வழி வரும் அழுக்கைத் தடுக்காது. உள்ளிருப்பது வெளியேறவும் விடாது.

ஆதலின் வேலியிட்டதனோடு விலங்கைக் காத்துவிட்டோமென்று எண்ணுதல் பிழையாகும். ஆற்றின் தலைப்பிலுள்ள காடும், நகரத்தின் சாக்கடையும் அப்பூங்காவின் பகுதிகளே. நாம் வாழும் ஊரின் கழிவுநீர் எவ்விடம் சென்றடைகின்றதென்று மாணவர் ஒவ்வொருவரும் உசாவி அறிவாராயின், இப்பாடம் பயனுடைத்தாகும்.