ஓய்வூதியமும் ஐந்தொகையும்: சுவீடன் நாட்டுப் பாடம்

பொறுப்பு சொத்தை மிஞ்சினால் சங்கம் நிலைக்காது என்பதைப் பொதுக்குழுவில் ஐந்தொகை படிக்கக் கேட்ட அங்கத்தினர் யாவரும் அறிவர். ஒரு தேசம் தன் முதியோருக்கு வழங்கும் ஓய்வூதியத்திற்கும் இவ்விதி பொருந்துமா? பொருந்தும் எனச் சட்டமே இயற்றிக்கொண்ட நாடு சுவீடன். அதன் அனுபவத்தை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

பழைய முறை

வருவாயை ஒட்டிய பொது ஓய்வூதியம் அந்நாட்டில் 1960-இல் நடைமுறைக்கு வந்தது. உழைப்போர் பொருட்டுச் செலுத்தப்பட்ட சந்தாவைக் கொண்டே முதியோருக்குப் பணம் வழங்கப்பட்டது. 30 ஆண்டு உழைத்தவர் முழு ஓய்வூதியத்திற்கு உரியவர். வருவாய் மிகுந்த 15 ஆண்டுகளே தொகையை நிர்ணயித்தன.

இதில் இரு குறைகள் இருந்தன. ஏறக்குறைய ஒரே கூலிக்கு 45 ஆண்டு உழைத்த தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவருடைய கடைசி 15 ஆண்டுச் சந்தாவினால் ஓய்வூதியம் ஒரு காசும் கூடவில்லை. 30 ஆண்டே பணிபுரிந்து, பிற்பாதியில் பெருஞ்சம்பளம் பெற்றவரோ மிகுந்த நன்மை அடைந்தார். எளியவர் சந்தா வசதியுள்ளவருக்கு உதவிற்று.

இரண்டாவது, ஓய்வூதியம் விலைவாசியை ஒட்டி உயர்ந்தது. சந்தா வருமானமோ கூலியை ஒட்டி உயர்ந்தது. உற்பத்தி வளர்ச்சி தளர்ந்தபோது சுமை கனத்தது. மக்களின் ஆயுளும் நீண்டது. 1990-களின் தொடக்கத்தில் நேர்ந்த பொருளாதார நெருக்கடி இக்குறைகளை வெளிப்படையாக்கிற்று.

புதிய முறை

ஐந்து கட்சிகள் கூடி 1994-இல் உடன்பாடு கண்டன. 1998-இல் சட்டம் நிறைவேறிற்று. வருவாயில் நூற்றுக்கு 18.5 பங்கு சந்தா. இதில் 16 பங்கு இன்றைய முதியோருக்கு வழங்கப்படுகிறது. அதே தொகை செலுத்தியவர் பெயரில் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. எஞ்சிய 2.5 பங்கு அவர் பெயரில் முதலீடு செய்யப்படுகிறது. நாட்டின் சராசரி வருவாய் உயர்வதற்கேற்பக் கணக்கும் வளர்கிறது. ஓய்வு பெறும்போது, மேலும் எத்தனை ஆண்டு வாழ்வர் என்ற மதிப்பீட்டைக் கொண்டு தொகை வகுக்கப்படுகிறது. ஆகவே, உழைத்த ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் சேர்கிறது.

ஆண்டுதோறும் இத்திட்டத்திற்கும் ஐந்தொகை தயாரிக்கப்படுகிறது. பொறுப்பு மிஞ்சினால் ஓய்வூதிய உயர்வு தானே குறையும். 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின் விளைவாக, 2010-இல் இவ்விதி செயற்பட்டு ஓய்வூதியம் குறைந்தது. அரசு முதியோரின் வரியைக் குறைத்து அத்துன்பத்தைச் சற்றுத் தணித்தது.

நாம் கொள்ளவேண்டியது

நிதி காப்பாற்றப்பட்டது, ஆனால் அதன் விலையை முதியோர் செலுத்தினர். இதனை மறைத்தல் தகாது. கணக்கு நேர்மையாயிருத்தல் வேண்டும். அது மட்டும் போதாது. வாழ்நாள் முழுதும் குறைந்த கூலி பெற்றவர் கணக்கில் சேர்வதும் குறைவே. அத்தகையோருக்குச் சுவீடன் சந்தாவிலிருந்தன்றிப் பொது வரியிலிருந்து குறைந்தபட்ச ஓய்வூதியம் வழங்குகிறது. சேமிப்புக்கு ஒரு ஏடு, சமூகக் கடமைக்கு ஒரு ஏடு: இரண்டையும் கலவாது எழுதுவதே இப்பாடத்தின் சாரம்.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

1. பழைய முறையில் நெடுங்காலம் உழைத்தவர் ஏன் நட்டமடைந்தார்?
2. வளர்ச்சி குன்றும் காலத்தில் சுமையை ஏற்கவேண்டியவர் இளைஞரா, முதியவரா, இருவருமா?
3. சந்தா செலுத்த இயலாதாரைக் காப்பது எவர் கடமை?